மாஸ்கிங்கை மெஷினே போட்டுக்கொள்ளும்போது மாணவனை ஏன் வதைக்கிறோம்?

ஜூன் 11, இரவு 9.10 · கேள்வி

ஆடியாலஜி (செவித்திறன்), ஸ்பீச் (பேச்சு) இரண்டும் சேர்ந்த பட்டப்படிப்பில், ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காது பதில் சொல்லிவிடாமல் அதில் இரைச்சல் போடும் மாஸ்கிங்குக்கு மட்டும் இத்தனை வாரமா? ஃபார்முலா மொத்தமே மூன்று. இப்போது வரும் ஆடியோமீட்டர்களில் (கேட்கும் திறனை அளக்கும் கருவி) ஆட்டோ மாஸ்கிங் இருக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) பிளாட்டோவை (இரைச்சல் ஏறியும் டோன் அளவு மாறாமல் நிற்கும் பகுதி) ஒப்பிக்கிறோம், க்ளினிக்கில் உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. இந்தப் பாடத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்துக்குக் கேஸ் பார்க்க விடலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 11, இரவு 10.45 · பதில்

வாரக்கணக்கைக் குறைக்கலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் கை ஓடாததற்குக் காரணம் பாடம் நீளமாக இருப்பதல்ல. டயலைத் தொடுவதற்கு முன்னால் "என்ன வரும்?" என்று யாரும் கேட்காததுதான்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 1000 ஹெர்ட்ஸ். வலது காது ஏர் 70, இடது காது ஏர் 10, மாஸ்க் போடாத போன் 10. (ஏர் என்பது ஹெட்ஃபோன் வழியே, போன் என்பது எலும்பின் மேல் வைக்கும் வைப்ரேட்டர் வழியே, டோன் கேட்கத் தொடங்கும் அளவு, அதாவது த்ரெஷோல்ட்.) சாதாரண ஹெட்ஃபோனில் ஒலி மண்டையைத் தாண்டி மறு காதுக்குப் போக ஆகும் இழப்பு குறைந்தபட்சம் 40 டெசிபெல் என்று வைத்துக்கொள்கிறோம். 70-இலிருந்து 10 போனால் 60. நாற்பதைத் தாண்டிவிட்டது, எனவே இடது காதில் இரைச்சல் போட வேண்டும். இதுவரை எல்லா மாணவருக்கும் தெரியும்.

இங்கே நிறுத்தி, வரப்போகும் விடையை இரண்டு விதமாக எழுதச் சொல்ல வேண்டும். ஒன்று, அந்த 70 உண்மையிலேயே வலது காதின் விடை. அப்படியானால் இரைச்சல் போட்டாலும் 70-இலேயே நிற்கும். இரண்டு, 70 என்பது இடது காது கொடுத்த நிழல். அப்படியானால் இரைச்சல் 5 ஏறினால் டோனும் 5 ஏறும்.

இப்போது டயல். தொடக்க இரைச்சல், மறு காதின் ஏர் த்ரெஷோல்டுக்கு மேல் 10, அதாவது 20. டோன் 70-இல் பதில் இல்லை, 75-இல் இல்லை, 80-இல் கை தூக்குகிறார். இரைச்சல் 25: டோன் 85. இரைச்சல் 30: டோன் 90. இரைச்சல் 35: டோன் 90-இலேயே பதில். 40-இலும் 90. 45-இலும் 90. இரைச்சல் 30-இலிருந்து 45 வரை ஏறியும் டோன் அசையவில்லை. அதுதான் பிளாட்டோ. 70 என்று எழுதியிருந்தால் 20 டெசிபெல் தவறு. மாஸ்க் போட்டு அந்தக் காதின் போனையும் எடுத்துப் பார்த்தால் கருவியின் எல்லை வரை பதில் வராது. மாஸ்க் போடாமல் விட்டிருந்தால் இதே காது "60 டெசிபெல் ஏர்-போன் இடைவெளி" என்ற பெயரில், நடுச்செவிக் கோளாறு என்று, அறுவை சிகிச்சை ஆலோசனைக்குப் போயிருக்கும்.

செவித்திறன் ஆய்வாளர் ஹூட் இந்த முறையை எழுதியது 1960-இல். அதற்குப் பிறகு கருவி மாறியிருக்கிறது, மண்டை மாறவில்லை.

ஜூன் 12, காலை 6.30 · பிற்சேர்க்கை

மேலே உள்ள கேஸில் முதல் மூன்று படிகள்தான் முக்கியம். டோன் ஏறிக்கொண்டே போகும்போது மாணவர் பதறி, "பேஷன்ட் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்று முடிவு கட்டி, இரைச்சலைக் குறைத்துவிட்டு 80 என்று எழுதிவிடுவார். இரண்டாவது ஊகம் தாளில் எழுதப்பட்டிருந்தால், ஒன்றுக்கு ஒன்று ஏறுவது அவருக்குக் குழப்பமாகத் தெரியாது. எதிர்பார்த்த செய்தியாகத் தெரியும்.

ஜூன் 12, மதியம் 1.15 · இடையில் ஒரு வாசகர்

ஆட்டோ மாஸ்கிங்குக்குப் பதிலே சொல்லவில்லையே?

ஜூன் 12, இரவு 8.00 · பதில்

சொல்கிறேன். "ஆட்டோ" என்ற பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் உலவுகின்றன.

பல கருவிகளில் இருப்பது வெறும் பூட்டு. டோனை 5 ஏற்றினால் இரைச்சலும் 5 ஏறும். இதை வைத்துக்கொண்டு பிளாட்டோ பார்க்கவே முடியாது. பிளாட்டோ என்பதே இரைச்சல் மட்டும் ஏறும்போது டோன் நிற்கிறதா என்ற கேள்வி. இரண்டையும் கட்டிப்போட்டால் கேள்வியே போய்விட்டது.

இன்னொன்று முழுத் தானியங்கிச் சோதனை. அது மறு காதின் விடையைக் கணக்கில் எடுத்து இரைச்சலைத் தீர்மானிக்கும். எளிய கேஸ்களில் நன்றாகவே வேலை செய்கிறது, இதில் வீம்பு பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் போன் வைப்ரேட்டர் முடி மேல் உட்கார்ந்திருப்பதோ, காது மடலைத் தொட்டுக்கொண்டிருப்பதோ, ஹெட்ஃபோன் பட்டி அதை நெட்டித் தள்ளியிருப்பதோ அதற்குத் தெரியாது. பேஷன்ட் இரைச்சல் தொடங்கும்போதெல்லாம் பட்டனை அழுத்துகிறார் என்றாலும் அதை ஒரு பதிலாகவே எண்ணும் அபாயம் உண்டு.

அந்தக் கடைசிப் பிரச்சினைக்குப் பாதி மருந்து அறிவுறுத்தலில் இருக்கிறது. "இந்தக் காதில் காற்றடிக்கிற மாதிரி சத்தம் வந்துகொண்டே இருக்கும், அது கூடும், அதை விட்டுவிடுங்கள். பீப் எந்தப் பக்கம் கேட்டாலும், எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும் அழுத்துங்கள்." "எந்தப் பக்கம் கேட்டாலும்" என்பதை விட்டுவிட்டால், வலது காதைச் சோதிக்கும்போது இடது பக்கம் கேட்கும் டோனுக்குப் பேஷன்ட் சும்மா இருந்துவிடுவார்; நிழல் நம் கண்ணில் படாது.

இன்னொரு சின்னக் கெட்ட பழக்கம்: தாளக்கட்டோடு டோன் கொடுப்பது. ஒன்று முதல் இரண்டு விநாடி டோன், நடுவில் இடைவெளி ஒழுங்கற்று இருக்க வேண்டும். சீராகக் கொடுத்தால் பேஷன்ட் காதை விட்டுவிட்டுத் தாளத்துக்கு அழுத்துவார். கச்சேரி களைகட்டும், ஆடியோகிராம் படுத்துவிடும்.

ஜூன் 13, இரவு 11.20 · மாஸ்கிங் கைவிடும் இடம்

வகுப்பில் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிடும் பகுதி இது. உண்மையில் முதல் வாரமே காட்ட வேண்டியது.

இரண்டு காதிலும் ஏர் 60, போன் 0. இரு பக்கமும் முழு கண்டக்டிவ் இழப்பு (ஒலி உள்காதுக்குப் போகும் வழியில் தடை). வலது காதைச் சோதிக்க இடது காதில் இரைச்சல் எவ்வளவு தொடங்கும்? 60-உடன் 10 சேர்த்து 70. அந்த 70, மண்டை வழியே வலது காக்ளியாவுக்கு (உள்காதின் கேட்கும் உறுப்பு) எவ்வளவு போய்ச் சேரும்? குறைந்தபட்ச இழப்பு 40 என்றால் 30 டெசிபெல். வலது காக்ளியாவின் த்ரெஷோல்ட் 0. அதாவது இரைச்சலைப் போட்ட கணத்திலேயே சோதிக்கும் காதையும் சேர்த்து மூடிவிட்டோம். அதற்குப் பிறகு இரைச்சல் ஏற ஏற டோனும் ஏறும். முதல் கேஸில் பார்த்த அதே ஒன்றுக்கு ஒன்று ஏற்றம், ஆனால் காரணம் நேர்மாறு. அங்கே இரைச்சல் போதவில்லை, இங்கே மிஞ்சிவிட்டது. இதற்குத்தான் மாஸ்கிங் டைலமா என்று பெயர்.

எழுதி வைத்த ஊகம் இல்லாத மாணவருக்கு இந்த இரண்டும் தாளில் ஒரே மாதிரி தெரியும். "மூன்று ஃபார்முலா" என்ற கட்சி உடைவது இங்கேதான்.

வழி உண்டா? இன்சர்ட் இயர்ஃபோன். நுரை முனையைக் காதுக்குழாயில் ஆழமாகப் பொருத்தினால் தாண்டும் இழப்பு 1000 ஹெர்ட்ஸ் வரை 75 என்றும், அதற்கு மேல் 50 என்றும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். 75 என்றால் 70 இரைச்சல் மறுபக்கம் போகவே போகாது. 1000-இல் சிக்கல் தீர்ந்தது. முனையைப் பாதி மட்டும் நுழைத்தால் இந்த எண்கள் செல்லாது. நுரையை நன்றாக உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலும் பின்னும் இழுத்து, நுழைத்து, விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளி விளிம்பு காதுவாயோடு சமமாகவோ சற்று உள்ளேயோ இருக்க வேண்டும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி.

சீழ் வடியும் காதில் இன்சர்ட் போடுவதற்கில்லை. அப்போது ரிப்போர்ட்டில் "மாஸ்கிங் டைலமா, காதுவாரியாக போன் த்ரெஷோல்டை உறுதி செய்ய இயலவில்லை" என்று எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கு மதிப்பெண் கொடுக்கும் தேர்வாளர்கள் தேவை. ஏதோ ஓர் எண்ணைப் போட்டவனுக்கு முழு மதிப்பெண், முடியவில்லை என்று காரணத்தோடு எழுதியவனுக்குப் பாதி என்றால், மாணவர்கள் எண்ணைப் போடத்தான் பழகுவார்கள்.

ஜூன் 14, காலை 7.05 · ஒரு வரி

மேலே சொன்னது போன் பக்கமும் பொருந்தும். போனுக்குத் தாண்டும் இழப்பு 0 என்றே கொள்ள வேண்டும். வைப்ரேட்டர் எந்தப் பக்கம் இருந்தாலும் இரண்டு காக்ளியாவும் சேர்ந்தே அசைகின்றன.

ஜூன் 15, மாலை 4.30 · கேட்டவர்

சரி, டைலமா விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் போகப்போவது ஸ்பீச் பக்கம். குழந்தைகளோடு உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

ஜூன் 15, இரவு 10.10 · பதில்

ஸ்பீச் பக்கம் இதே வியாதிக்கு வேறு பெயர். அங்கே டயலுக்குப் பதில் காது. எதிர்பார்க்கும் சொல்லைத்தான் காது கேட்கும்.

தமிழ் பேசும் குழந்தையை ஆர்ட்டிகுலேஷன் டெஸ்டில் (உச்சரிப்புச் சோதனை) உட்காரவைத்து, சொன்னதைத் தமிழ் எழுத்திலேயே குறிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வேகமாக எழுதலாம், அதனால். ஆனால் "கல்", "பங்கு", "பகல்" மூன்றிலும் க ஒன்றுதான், ஒலி மூன்று. முதலில் வருவது அதிர்வில்லாத வெடிப்பொலி, மெல்லினத்துக்குப் பின் வருவது அதிர்வுள்ள வெடிப்பொலி, இரண்டு உயிருக்கு நடுவே வருவது உரசி வரும் தளர்ந்த ஒலி. குழந்தை "கல்" என்பதை "பங்கு"வில் வரும் ஒலியோடு தொடங்கினால் நீங்கள் எழுதுவது "கல்". பகலின் நடுவே அழுத்தமான வெடிப்பொலி போட்டாலும் "பகல்". இரண்டு தவறும் தாளிலிருந்து மறைந்துவிட்டன. த, ப, ட எல்லாவற்றுக்கும் இதே கதி.

அடுத்து பி.சி.சி. கணக்கிடுவீர்கள், அதாவது சரியான மெய்யொலிகளின் சதவீதம். ஷ்ரிபெர்க்கும் க்வியாட்கோவ்ஸ்கியும் 1982-இல் கொடுத்த தீவிர அளவுகோலில் 85-க்கு மேல் லேசானது, 65 முதல் 85 வரை லேசு-மிதம், 50 முதல் 65 வரை மிதம்-தீவிரம், 50-க்குக் கீழே தீவிரம். மறைந்துபோன அதிர்வுத் தவறுகள் எல்லாம் "சரி" பக்கம் எண்ணப்படுவதால் குழந்தை ஒரு படி மேலே உட்கார்ந்துவிடும். (அந்த எல்லைகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து வந்தவை. தமிழுக்கு எடுக்கும்போது எல்லைக்கோட்டருகே நிற்கும் எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.)

எனவே ஐ.பி.ஏ., அதாவது ஒலிக்கு ஒரு குறி என்ற சர்வதேச ஒலியெழுத்து. அதையும் சும்மா கற்றுக்கொடுத்தால் போதாது. ஒரே ஒலிப்பதிவை இரண்டு மாணவர் தனித்தனியாக, இலக்குச் சொல் பட்டியலைப் பார்க்காமல் எழுத வேண்டும். பிறகு ஒலிக்கு ஒலி ஒப்பிட வேண்டும். 60 மெய்களில் 51 ஒத்துப்போனால் 85 சதவீதம். அந்த 85-ஐ லாக் புக்கில் எழுதிவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். பார்க்க வேண்டியது மீதி ஒன்பதை. ஒன்பதும் சொல் நடுவில் வரும் ஒலிகளிலேயே விழுந்திருந்தால் பிரச்சினை குழந்தையிடம் இல்லாமலும் இருக்கலாம். ஒன்பதும் ழ, ள, ல மீது விழுந்திருந்தால், மாணவர்கள் இருவரின் சொந்தப் பேச்சில் அந்த வேறுபாடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். சூப்பர்வைசரின் பேச்சிலும்தான்.

ஜூன் 16, காலை 6.50 · பிற்சேர்க்கை

எம்.எல்.யு. (குழந்தையின் கூற்றுகளின் சராசரி நீளம்) பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: மாதிரிக்கு 50 முதல் 100 கூற்றுகள். தமிழில் மார்ஃபீமாக (பொருள் தரும் மிகச் சிறிய துண்டு) எண்ணத் தொடங்கினால் "வந்துட்டேன்" ஒன்றிலேயே வகுப்பு இரண்டாகப் பிரியும்: வா, இறந்தகாலம், விடு, மறுபடி இறந்தகாலம், தன்மை ஒருமை என்று ஐந்தா, இல்லை பேச்சு வழக்கில் "ட்டேன்" குழந்தைக்கு ஒரே துண்டா? எண்ணும் விதியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு எண்ண வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே குழந்தையை வேறு மாணவர் வேறு விதியில் எண்ணினால் வரும் "முன்னேற்றம்" விதியின் முன்னேற்றம்.

ஜூன் 16, இரவு 9.40 · சூப்பர்வைசர் என்ன செய்ய வேண்டும்

க்ளினிக் மேற்பார்வைக்கு ஆண்டர்சன் 1988-இல் வரைந்த தொடரில் மூன்று கட்டம்: மதிப்பிட்டுச் சொல்லித்தரும் கட்டம், இடைமாறும் கட்டம், மாணவர் தன்னைத்தானே மேற்பார்வை செய்யும் கட்டம். எல்லாரும் இதைத் தேர்வில் எழுதுகிறார்கள். க்ளினிக்கில் நடப்பதோ, பேஷன்ட் வரிசை நீண்டதும் சூப்பர்வைசர் டயலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது. மாணவர் முதல் கட்டத்திலேயே மூன்று வருடம் நிற்கிறார்.

நேரம் தின்னாத ஒரு மாற்று, அரைத்தாள். மாஸ்க் போடாத ஏர், போன் முடிந்ததும் மாணவர் நான்கு வரி எழுதுகிறார்: எந்த அலைவரிசையில் எந்தக் காதில் இரைச்சல், தொடக்க அளவு, என்ன வரும் என்று நினைக்கிறேன், என்ன வந்தால் என் நினைப்பு தவறு. ஒரு நிமிட வேலை. சூப்பர்வைசர் தாளைப் பார்த்து ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார், டயலைத் தொடுவதில்லை. இரைச்சலைத் தவறான காதுக்கு அனுப்புவது போன்ற அடிப்படைப் பிசகு பேஷன்ட் காதுக்குப் போகுமுன் தாளிலேயே மாட்டிக்கொள்ளும்.

நான்காவது வரிதான் கடினம். முதலில் எல்லாரும் காலியாக விடுவார்கள். விடட்டும், ஆனால் வரியை எடுத்துவிடக் கூடாது.

மணிக்கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சங்கமான ஆஷா ஸ்பீச் பக்கச் சான்றிதழுக்கு 400 மணி கேட்கிறது, அதில் 25 பார்வை, 375 நேரடி வேலை. எந்த நாட்டு விதியானாலும் மணி என்பது நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம். அதற்குள் எத்தனை வகைக் கேஸ் வந்தது என்று அது சொல்லாது. லாக் புக்கில் மணிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்க்கலாம்: ஒரு காது மட்டும் செயலிழந்தது, இரு பக்கக் கண்டக்டிவ், மிக்ஸ்டு (கண்டக்டிவும் உள்காது இழப்பும் சேர்ந்தது), விளையாட்டு முறையில் சோதித்த குழந்தை, இழப்பு இருப்பதாகப் பாவிப்பவர். காலியாக இருக்கும் கட்டம் எது என்று பார்த்துத்தான் அடுத்த போஸ்டிங் போட வேண்டும்.

ஜூன் 17, மாலை 5.15 · கேட்டவர்

அந்த வகைக் கேஸ் வராவிட்டால்?

ஜூன் 17, இரவு 8.30 · பதில்

பாதி கேஸை வகுப்பிலேயே தயாரிக்கலாம். கேட்கும் திறன் சரியாக உள்ள ஒருவரின் வலது காதில் நுரை இயர்பிளக் போடுங்கள். காதுக்குழாய் சுத்தமா, மெழுகு இல்லையா என்று ஓட்டோஸ்கோப்பில் பார்த்த பிறகு. ஹெட்ஃபோனில் ஏர் எடுத்தால் கண்டக்டிவ் இழப்பு ரெடி.

இப்போது வைப்ரேட்டரை வலது மாஸ்டாய்டில் (காதுக்குப் பின்னுள்ள எலும்பு) வைத்து போன் எடுங்கள். 250, 500-இல் முன்பு இருந்ததைவிட நன்றாகக் கேட்கும், 2000-இல் மாற்றம் இருக்காது. காதை மூடினால் தாழ் ஒலி உள்ளேயே தங்குகிறது, இதுதான் ஆக்லூஷன் எஃபெக்ட். போன் மாஸ்கிங்கில் 1000 வரை தொடக்க இரைச்சலோடு கூடுதலாகச் சேர்க்கச் சொல்லும் எண் இங்கிருந்து வருகிறது. 1000-இல் சேர்ப்பது சுமார் 10. அதற்குக் கீழே கூடும், நூலுக்கு நூல் எண் மாறும். ஏற்கெனவே கண்டக்டிவ் இழப்பு உள்ள காதில் சேர்க்கத் தேவையில்லை.

ஜூன் 18, காலை 7.20 · மேலதற்கு ஒரு நிபந்தனை

பிளக்கை மிக ஆழமாகத் தள்ளினால் இந்தச் செய்முறை சப்பென்று போகும். எலும்புப் பகுதி வரை அடைத்தால் ஆக்லூஷன் எஃபெக்ட் குறைந்துவிடும். அது தெரிய வேண்டுமென்றால் பாதி நுழைத்த பிளக், பாதிக்கு மேல் நுழைத்த பிளக் என்று இரண்டு முறை எடுத்து ஒரே தாளில் வரையவும். இரண்டு கோடும் தாழ் அலைவரிசையில் பிரிந்து மேலே சேர்வதைப் பார்த்துவிட்ட மாணவர், இன்சர்ட் முனையை ஏன் ஆழமாகப் போடுகிறோம் என்பதற்கு இரண்டாவது காரணத்தையும் தானே சொல்வார்.

ஜூன் 18, இரவு 10.00 · விலகல்

பேச்சு வேறு பக்கம் போனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லாரும் மாட்டும் இடம். ஒரு காதில் ஏர் 100-ஐத் தாண்டுகிறது, போன் 250-இல் 25, 500-இல் 55. மாணவர் உடனே "மிக்ஸ்டு" என்று எழுதுவார். அந்த அளவுகளில் வைப்ரேட்டரின் அதிர்வைத் தோலே உணரும். பேஷன்ட் பொய் சொல்லவில்லை, பட்டனை அழுத்தியது காது இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு மாஸ்க் போட்டாலும் தோலை மூட முடியாது. "கேட்டதா, தோலில் அதிர்ந்ததா?" என்று பேஷன்டைக் கேளுங்கள், கூடவே டிம்பனோகிராம் (காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் வரைபடம்) எடுங்கள். நடுச்செவி நன்றாக இயங்கி டைப் ஏ வந்தால் அந்த இடைவெளியைச் சந்தேகப்படவும்.

டைப் பி, அதாவது உச்சியில்லாத தட்டைக் கோடு, வந்தாலும் உடனே "நீர்" என்று எழுத வேண்டாம், காதுக்குழாய்க் கொள்ளளவைப் பார்க்கவும். வழக்கமான அளவு என்றால் நீர் இருக்கலாம். மிகப் பெரிது என்றால் செவிப்பறையில் துளை. மிகச் சிறிது என்றால் மெழுகு, அல்லது புரோப் (காதில் செருகும் முனை) சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்துத் திருப்பிப் போடவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 226 ஹெர்ட்ஸ் புரோப் டோன் வேண்டாம், 1000. ஒரு சோதனையின் விடையை இன்னொன்றால் சரிபார்க்காமல் ஏற்காதே என்று ஜெர்கரும் ஹேய்ஸும் 1976-லேயே குழந்தைகள் விஷயத்தில் எழுதினார்கள். பெரியவர்களிடமும் அது பலிக்கும்.

ஜூன் 20, காலை 9.00 · கேட்டவர்

ஆட்டோ கட்சியிலிருந்து முழுக்க விலகவில்லை. அரைத்தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: முதல் கேஸில் வலது போன் எல்லை வரை பதில் இல்லை என்றீர்கள். ஆடியோகிராமில் எப்படிக் குறிப்பது? ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள்.

ஜூன் 20, இரவு 9.15 · பதில்

வலது காது மாஸ்க் போட்ட போனுக்குச் சிவப்பில் இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி. கருவியின் எல்லை அளவில் அதைப் போட்டு, கீழ்நோக்கி ஓர் அம்பு. அம்புக்குறி உள்ள புள்ளியை மற்றப் புள்ளிகளோடு கோடு போட்டு இணைக்கக் கூடாது. அதே காதின் மாஸ்க் போட்ட ஏர் 90-க்குச் சிவப்பு முக்கோணம். பழைய 70-இல் இருந்த வட்டத்தை வைத்துக்கொண்டால் அதையும் கோட்டில் சேர்க்க வேண்டாம். கீழே மாஸ்கிங் கட்டத்தில் "இடது, 1000: 30–45" என்று பிளாட்டோவின் இரு முனைகளையும் எழுதவும். வெறும் 45 என்று எழுதினால் அடுத்துப் பார்ப்பவருக்கு அது பிளாட்டோவா, அங்கே கை சலித்து நிறுத்தியதா என்று தெரியாது.